சித்தியோட தண்ணி நோட்டு

போன ஞாயித்துக்கிழமை சேலம் அம்மாபேட்டை வீட்டுல பரண் மேல கிடந்த அண்டா குண்டாவெல்லாம் இறக்கிக் கழுவிட்டு இருந்தோம், ஆடிப் பண்டிகைக்கு வெளியூர்ல இருந்து சொந்தக்காரங்க வருவாங்க, தண்ணி பிடிச்சு வைக்கப் பாத்திரம் வேணும்னு. அப்ப ஒரு பித்தளைத் தவலைக்குள்ள பழைய வேட்டித் துணியில சுத்தி வச்ச லாங் சைஸ் நோட்டு ஒண்ணு கிடைச்சுது. அட்டை பிஞ்சு போய் நூல் போட்டுத் தைச்சிருந்துச்சு, தறி வீட்டு நூலேதான், பாத்தவுடனே தெரிஞ்சுது. உள்ள முழுக்க சித்தியோட கையெழுத்து. ஒவ்வொரு பக்கத்துக்கும் மேல ஒரு தெரு பேரு, அதுக்குக் கீழ தேதி போட்டு வரிசையா எழுதியிருக்காங்க. ஒரு வரி இங்க அப்படியே போடறேன்: "12.3.98. இரவு 2.40க்கு திறந்தது. 4.10க்கு நின்றது. கடைசி வீடு அரைக் குடம்." அதுக்கு அடுத்த வரி பத்து நாள் தள்ளி. அதுக்கு அடுத்தது இன்னும் எட்டு நாள் தள்ளி.

எங்க சித்தி 1996ல இருந்து 2006 வரைக்கும் சேலம் மாநகராட்சியில வார்டு கவுன்சிலர். ரெண்டு தடவை ஜெயிச்சாங்க. 1994ல தான் சேலம் நகராட்சி மாநகராட்சி ஆச்சு, 60 வார்டு. அரசியல் சட்டத்துக்கு 74வது திருத்தம் வந்து, பெண்களுக்கு மூணுல ஒரு பங்கு வார்டு ஒதுக்கி தமிழ்நாட்டுல நடந்த முதல் உள்ளாட்சித் தேர்தல் அந்த 1996 தேர்தல். எங்க வார்டு பெண்கள் வார்டுன்னு அறிவிச்சதும் கட்சிக்காரங்க சித்தப்பாவைத்தான் தேடி வந்தாங்க, நீங்க பாத்துக்கங்க, வீட்டம்மா பேருல நிறுத்திடலாம்னு. சித்தப்பா தறிக்குழியில உக்காந்துட்டே சொன்னாராம், எனக்கு முகூர்த்தப் பட்டு ரெண்டு பாக்கி இருக்கு, பேரு அவளோடதுன்னா வேலையும் அவளே பாப்பான்னு. அது சும்மா பேச்சுக்குச் சொன்னது கிடையாது, பத்து வருசமும் அப்படித்தான் நடந்துச்சு. மாமன்றக் கூட்டத்துக்கு சித்தப்பா ஒரு நாள் கூட போனதில்ல, அந்தக் காலத்துல நிறைய வார்டுல கவுன்சிலர் சீட்டுக்குப் பின்னாடி புருசன்மாருங்க நின்னுட்டு இருந்த நேரம் அது.

அப்ப நான் எட்டாவது படிச்சிட்டு இருந்தேன், பள்ளிக்கூடம் பக்கம்னு சித்தி வீட்டுலதான் இருந்தேன். சேலத்துல அந்த வருசங்கள்ல வளர்ந்த யாரைக் கேட்டாலும் தண்ணி பத்தித்தான் முதல்ல சொல்லுவாங்க. மேட்டூர் டேம் நம்ம மாவட்டத்துலயே இருக்கு, ஆனா ஊருக்குள்ள குழாய்ல வாரம் பத்து நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணி வரும், அதுவும் எப்ப வரும்னு தெரியாது. தண்ணி திறந்து விடுறவர் தோள்ல டி எழுத்து மாதிரி ஒரு நீளமான இரும்புச் சாவியைப் போட்டுட்டு சைக்கிள்ல வருவார், ராத்திரி ரெண்டு மணி, மூணு மணிக்கு. ரோட்டு நடுவுல ஒரு சின்ன இரும்பு மூடியைத் தூக்கி உள்ள சாவியை விட்டு ரெண்டு கையாலயும் திருப்புவார். முதல்ல குழாய்ல காத்து வரும், புஸ்ஸுன்னு ஒரு சத்தம், அந்தச் சத்தத்துக்கே தெருவுல எல்லா வீட்டு லைட்டும் எரியும். சித்தி எழுந்து சேலையைச் சொருகிட்டு டார்ச்சும் நோட்டும் எடுத்துட்டுக் கிளம்புவாங்க, நான் பின்னாடியே போவேன். அவங்க நேரா போய் நிக்கிறது தெருவோட கடைசி வீட்டுல. வால்வுகிட்ட இருக்கிற வீட்டுக்கு எப்படியும் வந்துடும் கண்ணு, கடைசி வீட்டுக்கு வந்தா தெருவுக்கே வந்த மாதிரின்னு சொல்லுவாங்க. கடைசி வீட்டு அம்மா குடத்தைச் சாய்ச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க, சித்தி குடத்துக்குள்ள டார்ச் அடிச்சுப் பாத்துட்டு எழுதுவாங்க. அரைக் குடம்னு நோட்டுல இருக்கிறது அப்படி எழுதினதுதான்.

நோட்டோட பின்பக்கம் மாமன்றத்துல கேட்ட கேள்விகள். எந்தத் தேதியில எந்தக் கேள்வி, மாநகராட்சி ஜேஇ, அதான் ஜூனியர் இன்ஜினியர், என்ன பதில் சொன்னார், அந்தப் பதில்படி வேலை நடந்துச்சா இல்லையான்னு பக்கத்துலயே டிக், இல்லைன்னா பெருக்கல் குறி. பெருக்கல் குறிதான் அதிகம். ஆனா ஒரு சாக்கடை விசயம் நாலு பெருக்கல் குறிக்கு அப்புறம் ஒரு டிக் வாங்கியிருக்கு, தறிக்காரங்க தெருவுல பாவு நீட்டிப் போடற இடத்துல சாக்கடை பொங்கி ஓடுனது அது. காலையில வெயில் ஏறதுக்கு முன்னாடி தெரு நீளத்துக்கும் நூலை இழுத்துக் கட்டி கஞ்சி போட்டு காய வைப்பாங்க, அதுல சாக்கடைத் தண்ணி ஒரு கை பட்டாலும் மொத்தப் பாவும் போச்சு. வெண்பட்டுக்கு விளைஞ்ச கஷ்டத்தை வெளியூர்க்காரங்க யாருக்கும் சொல்லிப் புரிய வைக்க முடியாது. மாமன்றத்துல நாலு தடவை அதை எழுந்து கேட்டவங்க ஒரு தறிக்காரரோட சம்சாரம், அதனாலதான் அந்த டிக் கிடைச்சுதுன்னு நான் நம்பறேன்.

இந்த நோட்டைப் படிச்சதுல இருந்து எனக்கு வேற ஒருத்தர் ஞாபகம் வந்துட்டே இருக்கு, அவரைப் பத்தி எழுதணும்னுதான் உக்காந்தேன். நம்ம மாவட்டத்துல 11 சட்டமன்றத் தொகுதி இருக்கு, அரசியல்ல கீழ இருந்து மேல போனவர்னா உடனே எல்லாரும் எடப்பாடி பழனிசாமியைச் சொல்லுவாங்க. 1974ல சிலுவம்பாளையத்துல கிளைச் செயலாளர், 1989ல எடப்பாடி எம்எல்ஏ, 2017ல முதலமைச்சர். அது எல்லாருக்கும் தெரிஞ்சது. அதுக்கு நூறு வருசத்துக்கு முன்னாடியே இதே ஊரு நகராட்சியில கவுன்சிலரா ஆரம்பிச்சு மெட்ராஸ் சட்டசபைக்குப் போய், கடைசியில அகில இந்திய காங்கிரஸுக்கே தலைவரான ஒருத்தர் இருந்தார், சேலம் விஜயராகவாச்சாரியார். இந்தத் தலைமுறையில பத்து பேரைக் கேட்டா ஒருத்தருக்குத் தெரிஞ்சாலே பெருசு, எனக்கு அது ரொம்ப நாளா மனசுக்குள்ள உறுத்திட்டு இருக்கு.

அவர் பிறந்தது இங்க இல்ல, செங்கல்பட்டு பக்கம் பொன்விளைந்த களத்தூர், 1852. மெட்ராஸ்ல படிச்சு, வாத்தியார் வேலையில ஊர் ஊரா மாறி, சேலத்துல நகராட்சி நடத்துன காலேஜ்ல இங்கிலீஷும் கணக்கும் சொல்லிக் குடுத்தவர். அப்புறம் வக்கீல் பரீட்சை எழுதி 1881ல இருந்து இங்கேயே பிராக்டீஸ். 1882ல நகராட்சி மெம்பர். அப்ப சேலம் நகராட்சி ஆரம்பிச்சே பதினாறு வருசம்தான் ஆச்சு, 1866ல வந்தது அது. ஓட்டு எல்லாருக்கும் கிடையாது, வரி கட்டுற ஆம்பளைங்க கொஞ்சப் பேருக்குத்தான். அதே 1882 மே மாசம்தான் வைஸ்ராய் ரிப்பன் பிரபு உள்ளாட்சி பத்தின தீர்மானத்தைக் கொண்டு வந்தார், ஊர் நிர்வாகத்தை ஊர்க்காரங்க கையில குடுக்கணும், அதுதான் அரசியல் பழகுற இடம்னு. சென்னை மாநகராட்சிக் கட்டடத்துக்கு ரிப்பன் மாளிகைன்னு பேரு வந்தது அந்த ரிப்பன் பேருலதான்.

மெம்பர் ஆன அந்த வருசமே ஊர்ல பெரிய கலவரம். 1882 ஆகஸ்ட், செவ்வாய்ப்பேட்டை. மசூதி இருக்கிற வழியில சாமி ஊர்வலம் போறது பத்தின தகராறு முத்தி, மசூதியை இடிச்சுட்டாங்க, உயிரும் போச்சு. இதை நான் லேசா எழுதிட்டுப் போக விரும்பல, சேலத்து வரலாறுல தலைகுனிய வேண்டிய நாள் அது. இன்னைக்கு செவ்வாய்ப்பேட்டை பஜார்ல மஞ்சள் மண்டிக்கும் அரிசி மண்டிக்கும் நடுவுல எல்லாரும் தோளோட தோள் இடிச்சுட்டுத்தான் நடக்கறோம், அந்தத் தெருவுல இப்படி ஒண்ணு நடந்துச்சுன்னு நினைச்சாலே கஷ்டமா இருக்கும். கலவரத்தைத் தூண்டிவிட்டவர்னு விஜயராகவாச்சாரியார் மேல கேஸ் போட்டாங்க. செசன்ஸ் கோர்ட்ல பத்து வருசம் தண்டனை. அப்பீல் போனார், ஹைகோர்ட் அவர் குற்றவாளி இல்லைன்னு விடுதலை பண்ணிச்சு. அதோட வீட்டுக்குப் போய் உக்காராம, இதே கேஸ்ல அந்தமானுக்கு அனுப்பப்பட்டவங்களுக்காகவும் ரிப்பன் பிரபு வரைக்கும் முறையிட்டு அவங்களை வெளிய கொண்டு வந்தார்.

ஆனா எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச பகுதி அதுக்கு அப்புறம் வர்றது. கேஸ் நடந்த சமயத்துல அரசாங்கம் அவரோட நகராட்சி மெம்பர் பதவியைப் பறிச்சிடுச்சு. விடுதலை ஆனவர் ஒரு நகராட்சிப் பதவி போனா போகட்டும், நமக்கு வக்கீல் தொழில் இருக்குன்னு விட்டிருக்கலாம். அவர் விடல. இந்தியாவை லண்டன்ல இருந்து நிர்வாகம் பண்ற செக்ரெட்டரி ஆஃப் ஸ்டேட் மேலயே வழக்குப் போட்டார், என்னை எப்படி நீக்கலாம்னு. 1884ல சென்னை ஹைகோர்ட் தீர்ப்புத் தொகுப்புல அந்தக் கேஸ் இருக்கு, விஜயராகவா எதிர் செக்ரெட்டரி ஆஃப் ஸ்டேட்னு, அரசாங்கத்து மேல தனி மனுசன் கேஸ் போடறது பத்திப் பேசுற இடத்துல சட்டம் படிக்கிறவங்க இன்னைக்கும் அதைப் பாக்கலாம். நஷ்ட ஈடும் வாங்கினார், மெம்பர் பதவியும் திரும்பக் கிடைச்சுது. கொஞ்சம் நினைச்சுப் பாருங்க, விக்டோரியா ராணி ஆண்ட காலம், நம்ம ஊரு நகராட்சியில ஒரு மெம்பர் சீட், அதுக்காக அந்த மனுசன் சாம்ராஜ்யத்து மந்திரியை கோர்ட்டுக்கு இழுத்தார். மெம்பர் பதவிங்கிறது சும்மா ஒரு மரியாதைக்கு இருக்கிறது, அரசாங்கம் குடுத்தா இருக்கும் எடுத்தா போயிடும்னு எல்லாரும் நினைச்சிருந்த நேரத்துல அதை ஒரு உரிமையா நினைச்சவர் அவர். தென்னாட்டுச் சிங்கம்னு பேரு வந்தது அதுக்கு அப்புறம்தான்.

அங்க இருந்து சட்டசபைக்கு எப்படிப் போனார்ங்கிறதையும் சொல்லணும், ஏன்னா அந்தக் காலத்துல நகராட்சிக்கும் சட்டசபைக்கும் நடுவுல நேரடியாவே ஒரு வாசல் இருந்துச்சு. 1892 கவுன்சில் சட்டம் வந்தப்ப மாகாண சட்டசபைக்கு மெம்பர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்புற வாய்ப்பு நகராட்சிகள், ஜில்லா போர்டுகள் மாதிரியான அமைப்புகளுக்குக் கிடைச்சுது. ஊர்ல வேலை செஞ்ச ஆளு, அவரை அறிஞ்ச மெம்பர்கள், அவங்க ஓட்டு. மக்கள் நேரா ஓட்டுப் போடற காலம் வர இன்னும் பல வருசம் இருந்துச்சு, அதனால அந்த முறையை நான் தூக்கிப் பிடிக்கல, சாதாரண ஜனங்களுக்கு அதுல இடமே இல்ல. ஆனா ஊர் வேலை பழகினவங்கதான் சட்டம் பண்ற இடத்துக்கு வரணும்ங்கிற அந்த எண்ணம் எனக்குச் சரின்னு படுது. 1895ல விஜயராகவாச்சாரியார் மெட்ராஸ் சட்டசபைக்குள்ள போனார், 1901 வரைக்கும் ஆறு வருசம். பட்ஜெட்டைப் பத்திப் பேசலாம், கேள்வி கேக்கலாம், ஆனா பட்ஜெட்டுக்கு ஓட்டுப் போட முடியாது, கேட்ட கேள்விக்கு மேல துணைக் கேள்வி கேக்க முடியாது. அவ்வளவுதான் அதிகாரம். அந்த அதிகாரத்தை வச்சுக்கிட்டு ஆறு வருசம் அரசாங்கத்தைக் குடைஞ்சிட்டு இருந்தவர்.

அப்புறம் 1913ல இருந்து 1916 வரைக்கும் வைஸ்ராயோட மத்திய சட்டசபை. 1920 டிசம்பர்ல நாக்பூர் காங்கிரஸுக்குத் தலைவர், ஒத்துழையாமை இயக்கத்தை காங்கிரஸ் உறுதி பண்ண மாநாடு அது, தலைவர் நாற்காலியில உக்காந்திருந்த நம்ம சேலத்துக்காரருக்கு காந்தியோட அந்த வழியில முழுசா உடன்பாடு கிடையாது, அதை மறைக்காம தலைமை உரையிலயே பேசினார். 1944 ஏப்ரல்ல தொண்ணூறு வயசு தாண்டி இறந்தார், சுதந்திரம் வர மூணு வருசம் இருந்துச்சு.

அவர் வக்கீலா கொடிகட்டிப் பறந்துட்டு இருந்த ஊருக்குத்தான் 1900ல இன்னொரு சின்ன வயசு வக்கீல் வந்தார், ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில பிறந்தவர், அப்ப அதெல்லாம் சேலம் ஜில்லாதான். ராஜாஜி. அவரும் ஆரம்பிச்சது இதே நகராட்சியில, 1911ல மெம்பர், 1917ல இருந்து 1919 வரைக்கும் சேர்மன். அவர் சேர்மனா இருந்த காலத்துலதான் சேலம் நகராட்சிக்கு முதல் தலித் மெம்பர் வந்தார், அது வர்றதுக்குக் காரணமா இருந்தவர் ராஜாஜி. நூத்துக்கும் மேல வருசத்துக்கு முன்னாடி அக்ரஹாரமும் சேரியும் தனித்தனியா இருந்த ஊர்ல அந்த ஒரு நாற்காலியைப் போட வைக்க எவ்வளவு எதிர்ப்பைச் சந்திச்சிருப்பாங்கன்னு நீங்களே யோசிச்சுக்கங்க.

இடையில ஒண்ணு சொல்லிடறேன், இது எனக்கு எப்பவும் ஆச்சரியம். ராஜாஜி சேலத்துல சேர்மனா இருந்த அதே சமயத்துல அறுபது கிலோமீட்டர் தள்ளி ஈரோடு நகராட்சிக்கு சேர்மன் யாருன்னா, பெரியார். காவிரித் தண்ணியை ஈரோட்டுக்குக் குழாய்ல கொண்டு வர்ற வேலையில இருந்தார் அவர். ரெண்டு பேரும் அப்பவே சிநேகிதம், பெரியாரை காங்கிரஸுக்குக் கூட்டிட்டுப் போனதே ராஜாஜிதான். 1919ல ரெண்டு பேருமே சேர்மன் பதவியை விட்டு வெளிய வந்தாங்க. அப்புறம் வாழ்நாள் பூரா கொள்கையில எதிரும் புதிருமா நின்னாலும் சிநேகிதம் விட்டுப்போகல. ரெண்டு சேர்மனும் சந்திச்சா என்ன பேசியிருப்பாங்க, தண்ணி வரி பத்தியும் குப்பை வண்டி பத்தியும் கண்டிப்பாப் பேசியிருப்பாங்கன்னு நான் நினைச்சுக்குவேன்.

ராஜாஜி 1937ல மெட்ராஸ் மாகாணத்துக்குப் பிரதமர், அப்ப முதலமைச்சரை அப்படித்தான் சொல்லுவாங்க. சட்டசபையில 215 இடத்துல 159 காங்கிரஸ் ஜெயிச்சிருந்துச்சு. பதவிக்கு வந்த மூணாவது மாசம், 1937 அக்டோபர் 1, மதுவிலக்கு கொண்டு வந்தார், மாகாணம் முழுக்க ஒரே நேரத்துல கொண்டு வராம முதல்ல ஒரே ஒரு ஜில்லாவுல. அது சேலம் ஜில்லா. ஏன் சேலம்னா அவருக்கு இந்த ஊரு தெரியும், திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்துல 1925லயே காந்தி ஆசிரமம் ஆரம்பிச்சு சாராயக்கடையால அழிஞ்ச குடும்பங்களைப் பக்கத்துல இருந்து பாத்தவர். கள்ளுக்கடை வருமானம் போனா கஜானாவுக்கு என்ன வழின்னு கேட்டாங்க, அதுக்கு 1939ல விற்பனை வரி கொண்டு வந்தார், இன்னைக்கு நாம கடையில பில்லுக்குக் கீழ பாக்குற வரிக்கெல்லாம் முன்னோடி அது. செவ்வாய்ப்பேட்டை வியாபாரிங்க அப்ப எவ்வளவு கொதிச்சிருப்பாங்கன்னு கேக்கவே வேண்டாம்.

அதுக்காக அவர் செஞ்சது எல்லாத்தையும் நான் ஏத்துக்கல. 1938ல பள்ளிக்கூடத்துல இந்தியைக் கட்டாயம் ஆக்கினது, 1953ல பாதி நாள் படிப்பு, மீதி நாள் அப்பா தொழில்னு கொண்டு வந்த திட்டம், குலக்கல்வின்னு ஊரே எதிர்த்தது, ரெண்டுமே தப்புன்னுதான் நினைக்கறேன். தறிக்காரர் வீட்டுப் பையன் நான், பள்ளிக்கூடம் பாதி நாள்தான்னு ஒரு சட்டம் இருந்திருந்தா இந்த பிளாக்கை எழுதியிருக்க மாட்டேன், தறிக்குழியிலதான் உக்காந்திருப்பேன். 1952ல அவர் முதலமைச்சர் ஆனப்ப மக்கள்கிட்ட ஓட்டுக் கேட்டு நிக்கல, மேலவைக்கு நியமனம் பண்ணி வந்தார், அது எனக்கு எப்பவும் நெருடல்தான். சேலம் நகராட்சியில மெம்பரா வேலை பாத்த மனுசன் கடைசியில அந்த வழியில கோட்டைக்குள்ள போயிருக்க வேண்டியதில்லை. 1954ல அந்தக் கல்வித் திட்டத்தாலயே பதவியை விட்டார்.

இப்ப சித்திகிட்ட திரும்ப வரேன். 2006 சட்டமன்றத் தேர்தல் வந்தப்ப சித்தி விருப்ப மனு குடுத்தாங்க. பத்து வருசம் கவுன்சிலர், ரெண்டாவது தடவை முதல் தடவையை விட அதிக ஓட்டுல ஜெயிச்சவங்க, அம்மாபேட்டை மண்டலத்துல வார்டு எல்லை தாண்டியும் ஜனங்க அவங்களைத் தேடி வருவாங்க. மனுவுக்குப் பணம் கட்டினாங்க, நேர்காணலுக்குக் கூப்பிட்டாங்க. கட்சி பேரு வேண்டாம், எந்தக் கட்சின்னாலும் இப்படித்தான் நடக்கும்னு சித்தியே சொல்லுவாங்க. நீலக்கலர் பட்டுச் சேலை கட்டிட்டு, சித்தப்பா நெய்தது, இந்த நோட்டைக் கைப்பையில வச்சுட்டு மெட்ராஸ் போனாங்க. கேக்கறதுக்கு நிறைய இருக்கும், எல்லாத்துக்கும் இதுல பதில் இருக்குன்னு சொல்லிட்டுத்தான் ரயில் ஏறினாங்க. உள்ள போனதும் ரெண்டே கேள்வி. உங்க ஆளுங்க தொகுதியில எத்தனை பேரு, எவ்வளவு செலவு பண்ணுவீங்க. சித்தி நோட்டை வெளிய எடுக்கவே இல்ல. மறுநாள் காலையில ஏற்காடு எக்ஸ்பிரஸ்ல வந்து இறங்கினப்ப நான்தான் ஜங்ஷனுக்கு வண்டி எடுத்துட்டுப் போனேன், அவங்க ஒண்ணுமே பேசல, வீட்டுக்கு வந்து சேலையை மடிச்சு வச்சுட்டு, இன்னைக்கு மூணாவது தெருவுக்குத் தண்ணி வர்ற நாளு, வந்துச்சான்னு கேட்டாங்க.

சீட்டு கிடைச்சவர் நல்லவர்தான், அவர் மேல எந்தக் குறையும் இல்ல. ஆனா பிரசாரத்துக்கு எங்க பக்கம் வர்றதுக்கு முன்னாடி சித்திக்குத்தான் போன் வரும், எந்தத் தெருவுல என்ன பிரச்சினை, யாரைப் பாக்கணும்னு. சித்தி பொறுமையா சொல்லுவாங்க. அதே வருசம் அக்டோபர்ல உள்ளாட்சித் தேர்தல், வார்டு பொதுவாச்சு, சீட்டு வேற ஒருத்தருக்குப் போச்சு. சித்தியோட அரசியல் அங்க முடிஞ்சுது. எம்எல்ஏக்களுக்குத் தொகுதி மேம்பாட்டு நிதின்னு வருசத்துக்கு 3 கோடி வரைக்கும் வந்துடுச்சு இப்ப. அந்தப் பணத்தை எங்க போட்டா கடைசி வீட்டுக்குத் தண்ணி போகும்னு தெரிஞ்ச ஒருத்தரை உள்ள விடாமலே அனுப்பிட்டாங்களேன்னு அன்னைக்கு எனக்கு வந்த கோவம் இன்னும் அடங்கல.

அதை விடப் பெரிய கோவம் ஒண்ணு இருக்கு. 2011ல ஜெயிச்ச கவுன்சிலர்களோட காலம் 2016 அக்டோபர்ல முடிஞ்சுது, அதுக்கு அப்புறம் தமிழ்நாட்டு நகரங்கள்ல அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19ல. அஞ்சு வருசத்துக்கும் மேல ஊர்ல ஒரு கவுன்சிலர் கிடையாது, அதிகாரிங்க மட்டும். கொரோனா வந்ததும் அந்த நடுவுலதான். ராத்திரி மூணு மணிக்குக் கதவைத் தட்ட ஒரு வீடு இல்லாம போச்சு. அந்த அஞ்சு வருசமும் எங்க தெருவுல சில பேரு பதவியே இல்லாத சித்தி வீட்டுக்குத்தான் வந்தாங்க, அவங்களும் யார் யாருக்கோ போன் போட்டாங்க, முன்னாள் கவுன்சிலர் பேசறேன்னு. 1884ல ஒருத்தர் தன்னோட மெம்பர் சீட்டை எடுத்ததுக்குக் கோர்ட்டுக்குப் போய் சண்டை போட்ட ஊரு இது, இங்க 60 சீட்டும் மொத்தமா அஞ்சு வருசம் காலியா கிடந்தப்ப நாம யாரும் பெருசா சத்தம் போடல, நானும் சேர்த்துத்தான். 2022 தேர்தல்ல பாதி இடம் பெண்களுக்குன்னு வந்தது ஒரு நல்ல விசயம்.

நோட்டு கிடைச்ச அன்னைக்கு சாயந்திரம் விஜயராகவாச்சாரியார் கேஸை சித்திக்குச் சொன்னேன். திண்ணையில உக்காந்து அவரைக்காய் உரிச்சிட்டே கேட்டாங்க. செக்ரெட்டரி ஆஃப் ஸ்டேட் மேல கேஸ் போட்டாரு, ஜெயிச்சாருன்னு சொன்னதும் கையை நிறுத்திட்டு, "மெம்பருக்கா? நகராட்சி மெம்பருக்கா?"ன்னு ரெண்டு தடவை கேட்டாங்க. ஆமா சித்தின்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம் நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமா புரட்டினாங்க, கண்ணாடி போட்டுக்கிட்டு. சில தெருவுல இப்ப அந்த வீடுங்களே இல்ல, அபார்ட்மெண்ட் வந்துடுச்சு. கடைசி வீட்டு அம்மா செத்துப் போய் பல வருசம் ஆச்சு.

நேத்து ஜெராக்ஸ் கடையில நோட்டு முழுசும் ஒரு காப்பி எடுத்து ஸ்பைரல் போட்டேன், சித்திதான் எடுக்கச் சொன்னாங்க. எங்க வார்டுல இப்ப இருக்கிற கவுன்சிலரம்மாகிட்ட குடுக்கணுமாம், அவங்க வேற கட்சி. ரோடு தோண்டுற வேலை அடுத்த வாரம் எங்க தெருவுக்கு வருதுன்னு சொல்லியிருக்காங்க. கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்து சித்தி சொல்லி அனுப்பினாங்க, "பதினாலாம் பக்கத்துல கோடு போட்டு வச்சிருக்கேன், காட்டிடு. ரெண்டாவது சந்து முனையில ஒரு வால்வு மேல தார் போட்டு மூடிட்டாங்க, யாருக்கும் தெரியாது. ஜேசிபி விடாம கையால தோண்டச் சொல்லு."